மழை ஊரில் கரிமச் சூரியப் படலம்: முதலில் விளிம்பைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் தகரக் கூரைக் கடைகள் நிறைய. சிலிக்கான் பேனல் சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கும். அதோடு கம்பிச் சட்டமும் சேரும். அதைத் தாங்காத கூரைக்குத்தான் ஒட்டக்கூடிய கரிமப் படலம் பொருத்தம். கார்பன் சேர்மங்களால் ஆன, வெயிலில் மின்சாரம் தரும் மெல்லிய தாள் அது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் வேண்டாம். ஒட்டுவதற்காக அதைச் சுரண்டினால் கிளம்பும் தூசு புற்றுநோய் தரும்.

இந்தப் படலத்தில் மின்சாரம் தரும் அடுக்கின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர்தான். எலக்ட்ரானைக் கொடுக்கும் பாலிமரும் வாங்கிக்கொள்ளும் மூலக்கூறும் அதில் பின்னிக் கிடக்கும். ஒளி பட்டு உண்டாகும் எக்ஸைட்டான் (ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்-துளை இணை) ஏறக்குறைய 10 நானோமீட்டருக்குள் இரண்டும் தொடும் இடத்தை எட்டியாக வேண்டும், இல்லையேல் வீண். 1986இல் கோடாக் நிறுவன விஞ்ஞானி டாங் காட்டிய இரண்டடுக்குக் கரிமச் செல்லின் திறன் 1 விழுக்காட்டை ஒட்டியது. 2019இல் வந்த, எலக்ட்ரானை வாங்கும் ஒய்6 மூலக்கூறு அதை 15க்கு மேல் கொண்டுபோனது. இவை ஆய்வகத்தின் சின்னஞ்சிறு செல்களின் கணக்கு. விற்பனைக்கு வரும் படலத்தில் 7 விழுக்காடு என்றால், ஒரு சதுர மீட்டருக்கு நேர் வெயிலில் 70 வாட்.

படலத்தைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டினால் அதுவும் கிடைக்காது. நம் ஊரில் சித்திரைக்குச் சற்று முன்னும் ஆவணி நடுவிலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேராக விழுகிறது. நிற்கும் கண்ணாடிக்குப் பங்கு குறைவு. கிழக்கு, மேற்குச் சுவர்களே மேல்.

படலத்தைக் கெடுப்பது ஈரம். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் விளிம்பு வழியாக நுழைந்து மின்முனையை அரிக்கும். ஆக்சிஜனும் புற ஊதாவும் சேர்ந்தால் பாலிமர் வெளுக்கும். ஆகவே படலத்தை அளவுக்கு வெட்டவோ துளையிடவோ கூடாது. வெட்டிய இடத்தில் ஆலை போட்ட அடைப்பு போய்விடும். வயர் வெளிவரும் இடத்தைப் பியூட்டைல் பசையால் அடைத்து, அந்த முனை கீழ்நோக்கி இருக்கும்படி ஒட்டுங்கள். தின்னரால் துடைக்காதீர்கள்.

விற்பவரிடம் ஐஇசி 61215 சான்று கேளுங்கள். சூரியப் பேனல்களுக்கான சர்வதேசத் தரச் சோதனை அது. அதன்படி 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்த பிறகு திறன் 5 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது.

ஒட்டிய அன்றே தெளிந்த நண்பகலில் மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதேபோல் அளக்க வேண்டும். அழுத்தம் அப்படியே இருந்து ஓட்டம் மட்டும் இறங்கினால், பாசியையும் தென்னை நிழலையும் பாருங்கள். கழுவியும் ஏறவில்லை என்றால் ஓரத்தைக் கவனியுங்கள். நிறம் மங்கியிருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது.