பாராநார்மல் ரொமான்ஸ்: தமிழில் ஒரு பெயர்

போன வாரம் ஒரு காதல் நாவலை இரவு இரண்டு மணிவரை கீழே வைக்காமல் படித்தேன். பழைய வீட்டுக்குக் குடிவரும் பெண், அவளுடைய லேப்டாப், வாட்ஸப் எல்லாம் இந்தக் காலம்தான், ஆனால் மாடியில் தினமும் அவளோடு பேசுகிறவனுக்கு மட்டும் நிழல் விழாது. அட்டையில் 'பாராநார்மல் ரொமான்ஸ்' என்று போட்டிருந்தது. அப்படின்னா என்ன என்று தங்கை கேட்டாள். 'பேய்க் காதல்' என்று சொல்லிவிட்டேன், ஆனால் அது மனசுக்கு ஒட்டவில்லை. ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நாளை நடப்பதை இன்றே காண்கிறவள் என்று எல்லாரும் வரும் வகை இது.

'நார்மா' என்றால் லத்தீனில் தச்சரின் மூலைமட்டம், நம் 'ட' எழுத்துபோல இருக்குமே அதுதான். அந்த மட்டத்துக்குச் சரியாக நிற்பது நார்மல். 'பாரா' என்பது கிரேக்க முன்னொட்டு, பக்கத்தில், அப்பால் என்று பொருள். இரண்டையும் சேர்த்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான சொல்தான் பாராநார்மல். ரொமான்ஸ் இன்னும் பழையது: லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய மொழியில் எழுதிய கதைக்குப் பழைய பிரெஞ்சில் அந்தப் பெயர். அந்தக் கதைகளில் வீரமும் காதலும் மாயமும் கலந்தே கிடந்தன, காதல் மட்டும் என்ற பொருள் பின்னால் வந்ததுதான்.

சரி, தமிழில்? 'அமானுஷ்யம்' என்கிறோம், வடமொழியிலிருந்து வந்தது, மனிதத்தன்மை இல்லாதது என்று பொருள். ஆள் இல்லாத பங்களாவின் அமைதிக்கு அது நன்றாகப் பொருந்தும். இயற்கையை மீறியது என்ற பொருளில் 'மீயியற்கை' என்ற சொல்லும் உண்டு, அது கட்டுரைக்குச் சரி. ஆனால் இந்தச் சொற்கள் எதிலும் காதலின் வலி இல்லை.

'அணங்கு' என்ற சொல்லில் இருக்கிறது. பெயராக வந்தால் வருத்தும் தெய்வம், வினையாக வந்தால் வருத்துதல், வருந்துதல். குறளில் இன்பத்துப்பாலின் முதல் அதிகாரமே 'தகையணங்குறுத்தல்'. முதல்முறை அவளைப் பார்த்தவன் 'அணங்குகொல்' என்றுதான் தொடங்குகிறான், அப்புறம்தான் மயிலா, பெண்ணா என்ற கேள்வியெல்லாம்.

அணங்கு என்றால் பெண்தானே, மாடியில் இருப்பவன் ஆண் ஆயிற்றே என்று கேட்கலாம். குறுந்தொகை 362ஐப் பாருங்கள். காதலில் மெலிந்த மகளை முருகன் பிடித்துவிட்டான் என்று நினைத்து வேலனை, அதாவது முருகனுக்காக ஆடும் பூசாரியை அழைக்கிறார்கள், அவன் ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்கப் போகிறான். உண்மை தெரிந்த தோழி அவனை நிறுத்திக் கேட்கிறாள்: இவளை 'அணங்கிய' மலைநாட்டானின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமோ? அங்கே அணங்கியவன் ஆண், அதுவும் ரத்தமும் சதையுமான காதலன்.

அதனால் நான் 'அணங்குக் காதல்' என்றே சொல்லப் போகிறேன். காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் அதுவே போதும். காலம் தாண்டிப் போய்க் காதலிக்கும் கதைகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அதற்கு வேறு சொல் தேட வேண்டும்.