டெக்சாஸ்ல படிக்க வர்றீங்களா? கேம்பஸ் துப்பாக்கி சட்டத்துல மாட்டிக்காம இருக்க இத படிச்சிட்டு வாங்க

ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் நம்ம ஊர் பசங்க கூட்டமா டல்லாஸ், ஆர்லிங்டன், ஹூஸ்டன், காலேஜ் ஸ்டேஷன்னு வந்து இறங்குறாங்க. ஓரியண்டேஷன்ல பேங்க் அக்கவுண்ட், ஹெல்த் இன்ஷூரன்ஸ், பார்க்கிங் பெர்மிட் எல்லாத்துக்கும் நேரம் இருக்கு, துப்பாக்கிக்கு மட்டும் ஒரே ஒரு ஸ்லைடு. "இங்க கேம்பஸ் கேரி லீகல், மேல விவரத்துக்கு வெப்சைட்ட பாருங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிடுவாங்க. வெப்சைட்ட பாத்தா முழுக்க வக்கீல் பாஷை. பசங்க காதுல விழுந்தது "லீகல்"ங்கிற ஒரு வார்த்தைதான், அத நம்பி மாட்டிக்கிட்டவங்கள பாத்ததாலதான் இத எழுதறேன்.

சட்டம் சுருக்கமா இதுதான். 2015-ல டெக்சாஸ் கவர்னர் கிரெக் ஆபட் கையெழுத்து போட்ட எஸ்.பி. 11. அரசு யுனிவர்சிட்டிகள்ல 2016 ஆகஸ்ட் 1-லயும், கம்யூனிட்டி காலேஜ்ல 2017 ஆகஸ்ட் 1-லயும் அமலுக்கு வந்துச்சு. துப்பாக்கி லைசென்ஸ், இங்க எல்டிசின்னு சொல்வாங்க, அது இருக்கறவங்க கைத்துப்பாக்கிய வெளிய தெரியாம மறைச்சு வெச்சுக்கிட்டு கிளாஸ் ரூமுக்குள்ளயே வரலாம். பிரைவேட் யுனிவர்சிட்டிகளுக்கு வேண்டாம்னு சொல்ற உரிமை உண்டு. ரைஸ், பெய்லர், எஸ்எம்யூ எல்லாம் வேண்டாம்னுட்டாங்க. அரசு யுனிவர்சிட்டிக்கு அந்த உரிமை கிடையாது, சில இடங்கள்ல மட்டும் தடை போட்டுக்கலாம். இதுல ஒரு கொடுமை, 1966 ஆகஸ்ட் 1-ம் தேதிதான் ஆஸ்டின் யுனிவர்சிட்டி டவர் மேல ஏறி ஒருத்தன் கண்ணுல பட்டவங்கள எல்லாம் சுட்டான். சரியா 50 வருஷம் கழிச்சு அதே தேதில அதே கேம்பஸ்ல இந்த சட்டம் அமலுக்கு வந்துச்சு.

ஆதரிக்கிறவங்க வாதம் முக்கியமா 2007 வர்ஜீனியா டெக் படுகொலைல இருந்து வருது. 32 பேர் செத்தாங்க, அதுல ஒருத்தர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், பேராசிரியர் லோகநாதன், கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கும்போதே. அங்க ஒருத்தர் கைல துப்பாக்கி இருந்திருந்தா தடுத்திருக்கலாமேங்கிறாங்க இவங்க. போலீஸ் உள்ள வரும்போது யார் சுட்டவன் யார் காப்பாத்த வந்தவன்னு எப்படி தெரியும், அதோட கை தவறி வெடிச்சா என்ன பண்றதுங்கிறாங்க எதிர் தரப்பு. வெடிக்கவும் செஞ்சிருக்கு, ஐடஹோல 2014-ல ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் கிளாஸ் ரூம்லயே தன் கால்லயே சுட்டுக்கிட்டார், டெக்சாஸ்ல சட்டம் வந்த அடுத்த மாசமே டார்ல்டன் ஸ்டேட் ஹாஸ்டல்ல ஒண்ணு வெடிச்சது, நல்லவேளை யாருக்கும் அடி இல்ல. எந்தப் பக்கம் சரின்னு நீங்க தாராளமா பேசிக்கோங்க. உங்க தலைல விழப்போறது வேற.

முதல் விஷயம், இந்த உரிமை உங்களுக்கு இல்ல. எஃப்-1 (ஸ்டூடண்ட் விசா), ஜே-1, எச்-1பி, எச்-4, இந்த மாதிரி தற்காலிக விசால இருக்கற யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கவே கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் சொல்லுது. டெக்சாஸ் என்ன தாராளம் காட்டினாலும் இதுக்கு மேல எதுவும் செல்லாது. தோட்டாங்கிறத நல்லா கவனிங்க, துப்பாக்கி இல்லாம ஒரே ஒரு தோட்டா பேக்ல இருந்தாலும் அதே குத்தம்தான். 2022-ல இருந்து அதிகபட்ச தண்டனை 15 வருஷம். துப்பாக்கி கேஸ்ல தண்டனை ஆச்சுன்னா நாடு கடத்தறதுக்கு அது ஒண்ணே போதும். கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை இல்ல, அதனாலதான் பத்து வருஷம் முன்ன வந்த அண்ணன் சொல்ற அட்வைஸ் உங்களுக்கு பொருந்தாது. அவர் சொல்றது அவர் ஸ்டேட்டஸுக்கு சரி.

ரெண்டாவது, ஷூட்டிங் ரேஞ்ச். வீக்கெண்ட் ஆனா நாலு பேர் சேர்ந்து ரேஞ்சுக்கு போறது இங்க சினிமாவுக்கு போற மாதிரி. கவுண்டர்ல பாஸ்போர்ட்ட காட்டுவீங்க, ஒரு ஃபார்ம்ல சைன் வாங்கிட்டு துப்பாக்கிய கைல குடுத்துடுவாங்க. கடைக்காரனே குடுத்தான், அப்ப தப்பில்லன்னு நினைப்பீங்க. வாடகை துப்பாக்கிய அஞ்சு நிமிஷம் கைல பிடிச்சாலும் சட்டத்துக்கு அது வெச்சிருந்ததுதான். அந்த ஃபார்ம் கடைக்காரனுக்குத்தான் பாதுகாப்பு, உங்களுக்கு இல்ல. அப்புறம் அந்த போட்டோவ இன்ஸ்டால போடறது, கேக்கவே வேணாம். 2025 ஜூன்ல இருந்து ஸ்டூடண்ட் விசாவுக்கு அப்ளை பண்றவங்க சோஷியல் மீடியாவ பப்ளிக்ல வைக்கணும்னு சொல்லிட்டாங்க, விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்கு போறப்ப ஆபீசர் பாக்கப்போற முதல் போட்டோ அதுவா இருக்கணுமா?

இங்க உடனே யாராவது ஒரு சீனியர் வருவார், "டேய் ஹண்டிங் லைசென்ஸ் எடுத்தா போதும்டா, ஆன்லைன்லயே கிடைக்கும்"னு. அவர் சொல்றது பாதி உண்மை, மாட்றவங்க பெரும்பாலும் அந்த பாதி உண்மைலதான் மாட்றாங்க. முறையா வாங்கின வேட்டை லைசென்ஸ் கைல இருந்தா தற்காலிக விசாக்காரருக்கு விதிவிலக்கு உண்டு, சட்டத்துலயே இருக்கு. ஆனா டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாசம் வாங்கினாலும் பொதுவா ஆகஸ்ட் 31-ல முடிஞ்சிடும். ஃபால் செமஸ்டர் ஆரம்பிச்சு அசைன்மெண்ட்ல மூழ்கிக் கிடக்கற நேரம் பாத்து முடியும். செப்டம்பர் 1 காலைல உங்க அலமாரில துப்பாக்கி அப்படியே இருக்கு, லைசென்ஸ் இல்ல, இப்ப நீங்க ஃபெடரல் குற்றவாளி. யாரும் நினைவுபடுத்த மாட்டாங்க.

இன்னொண்ணு இதவிட மோசம். அந்த விதிவிலக்கு விசா ஸ்டேட்டஸ் ஒழுங்கா இருக்கற வரைக்கும்தான். கோர்ஸ் டிராப் பண்ணி ஃபுல் டைம் கிரெடிட் குறைஞ்சது, மார்க் இல்லாம வெளிய அனுப்பிட்டாங்க, இப்படி எதுலயாவது ஸ்டேட்டஸ் போச்சுன்னா ஹண்டிங் லைசென்ஸ் வெறும் பேப்பர். ஃப்ளோரிடால ஒரு பையனுக்கு கிட்டத்தட்ட இதேதான் ஆச்சு. ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல இருந்து ஃப்ளோரிடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜிக்கு படிக்க வந்தவர், மார்க் சரியில்லன்னு காலேஜ்ல இருந்து நீக்கிட்டாங்க, ஊருக்கு திரும்பாம இருந்தார், ரேஞ்சுக்கு போய் சுட்டார், அவ்ளோதான். 18 மாசம் ஜெயில்னு தீர்ப்பு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, ரெஹைஃப் வழக்குன்னு சொல்வாங்க. 2019-ல கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, தனக்கு ஸ்டேட்டஸ் இல்லங்கிறது அவருக்கே தெரியும்னு அரசாங்கம் நிரூபிச்சாகணும்னு. இத கேட்டுட்டு "எனக்கு தெரியாதுன்னு சொல்லிக்கலாம்"னு கனவு காணாதீங்க. நான் எஃப்-1-ல இருக்கேன்னு எஃப்-1-ல இருக்கறவனுக்கு தெரியாதா என்ன? துப்பாக்கி சட்டம் தெரியாதுங்கிறத கோர்ட் கேக்காது, அது வேற விஷயம்.

மூணாவது, துப்பாக்கி உங்களோடதா இருக்கணும்னே இல்ல. ரூம்மேட் அமெரிக்கன், அவன் துப்பாக்கிய ஹால்ல டிவி ஸ்டாண்ட் டிராயர்ல போட்டு வெச்சிருக்கான், உங்களுக்கும் தெரியும், எடுக்கணும்னா நீங்களும் எடுக்கலாம். இந்த நிலைமைல போலீஸ் வந்தா உங்க மேலயும் கேஸ் போட வழி இருக்கு. கைல தொட்டிருக்கணும்னு அவசியம் இல்ல, உங்க கட்டுப்பாட்டுல இருந்துச்சுன்னு வாதாட முடிஞ்சா போதும். அதனால அபார்ட்மெண்ட் எடுக்கும்போதே வெக்கப்படாம கேளுங்க. வெச்சிருக்கான்னா அவன் ரூம்ல, பூட்டின பெட்டில, சாவி அவன்கிட்ட மட்டும்னு மெசேஜ்ல எழுதி வாங்கி வெச்சுக்கோங்க, கேஸுன்னு வந்தா வாய்ல பேசினதுக்கு ஆதாரம் இருக்காது. ஃபிரெண்டு கார்ல டேஷ்போர்டுக்குள்ள துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா அந்தக் கார நீங்க தனியா ஓட்டிட்டு போகாதீங்க, பெட்ரோல் போட பக்கத்து பங்குக்கு கூட வேணாம். "என் பேக்க கொஞ்சம் லேப் லாக்கர்ல வெச்சிடேன்"னு யாராவது குடுத்தா உள்ள என்ன இருக்குன்னு கேக்காம கைல வாங்காதீங்க.

இதுல 2021 குழப்பம் வேற. அந்த வருஷம் செப்டம்பர்ல இருந்து டெக்சாஸ்ல 21 வயசு ஆனவங்க பெரும்பாலானவங்களுக்கு லைசென்ஸே இல்லாம துப்பாக்கி எடுத்துட்டு போகலாம்னு சட்டம் வந்துச்சு. அதனால கேம்பஸ்லயும் லைசென்ஸ் வேணாம்னு இந்த ஊர்க்காரங்களே நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கேம்பஸ் பில்டிங்குக்குள்ள இப்பவும் எல்டிசி வேணும், இல்லன்னா ரெண்டுல இருந்து பத்து வருஷம் வரைக்கும் போகக்கூடிய குத்தம். இந்த தப்பு உங்க கிளாஸ்மேட் பண்ணுவான், பக்கத்துல உக்காந்திருந்த உங்களையும் சேர்த்து விசாரிப்பாங்க.

இப்ப டிஏ, அதாவது டீச்சிங் அசிஸ்டண்ட் வேலை பாக்கறவங்களுக்கு. நம்ம பசங்க நிறைய பேர் இதுலதான் ஃபீஸ் கட்டறாங்க. "என் கிளாஸ்ல துப்பாக்கி கூடாது"ன்னு சிலபஸ்ல எழுத முடியாது. யார்கிட்டயும் "நீ துப்பாக்கி வெச்சிருக்கியா, லைசென்ஸ் இருக்கா"ன்னு ஸ்டாஃபா கேக்கவும் கூடாதுன்னு யுனிவர்சிட்டி பாலிசில இருக்கும், அத போலீஸ்தான் கேக்கலாம். ஆஸ்டின்ல மூணு பேராசிரியைங்க இத எதிர்த்து கேஸ் போட்டாங்க, 2018-ல அப்பீல் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. அப்ப ஆஃபீஸ் ரூம்ல? ஆஸ்டின்ல தனி ஆஃபீஸ் இருக்கறவங்க தன் ரூமுக்குள்ள கூடாதுன்னு சொல்லிக்கலாம்னு ஒரு சலுகை குடுத்தாங்க, அதுவும் கதவுல போர்டு மாட்டினா போதாது, வர்றவங்ககிட்ட வாயால சொல்லணும். டிஏவுக்கு ஏது தனி ஆஃபீஸ், ஒரே ரூம்ல அஞ்சு பேர். மார்க் குறைஞ்சு போச்சுன்னு கோவத்தோட வர்றவன் முன்னாடி முதல்ல உக்காந்திருக்கறது டிஏ, சலுகை ப்ரொஃபசருக்கு. இந்த ரூல எழுதின கமிட்டிக்கு அந்த அஞ்சு பேர் ரூம் ஞாபகமே வரல போல.

இதுக்கு சட்டத்துல வழி இல்லன்னாலும் நடைமுறைல இருக்கு. மார்க் தகராறெல்லாம் ஈமெயில்ல மட்டும்னு முதல் நாளே சொல்லிடுங்க. ஆஃபீஸ் அவர்ஸ ஜூம்லயோ ஆள் நடமாட்டம் இருக்கற இடத்துலயோ வைங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காலியான மாடில தனியா வைக்காதீங்க. 2016-ல ஹூஸ்டன் யுனிவர்சிட்டி ஆசிரியர்களுக்கு காட்டின ஒரு ஸ்லைடுலயே, கோவம் வரக்கூடிய சப்ஜெக்ட்ட பாத்து பேசுங்க, சிலத பாடத்துல இருந்தே எடுத்துடுங்க, நேரம் கெட்ட நேரத்துல ஸ்டூடண்ட்ஸ சந்திக்கறத குறைங்கங்கிற ரேஞ்சுக்கு இருந்துச்சு. பாடத்தயே எடுத்துடுங்கங்கிறது எனக்கு ஜீரணம் ஆகல. நேரம் பத்தி சொன்னது மட்டும் சரி.

கம்ப்ளெயிண்ட் பண்ணப் போறீங்கன்னா இத படிச்சிட்டு போங்க. "ஒருத்தன் பேக்ல துப்பாக்கி இருக்கு, பயமா இருக்கு"ன்னு டிபார்ட்மெண்ட்ல சொன்னா கேம்பஸ் போலீஸ்கிட்ட போகச் சொல்வாங்க. போலீஸ் "லைசென்ஸ் இருந்தா குத்தம் இல்லயே"ன்னு டீன் ஆஃபீஸுக்கு அனுப்பும். டீன் ஆஃபீஸ்ல ஒரு ஆன்லைன் ஃபார்ம் லிங்க் குடுப்பாங்க. ஃபார்ம் போட்டா மறுபடி டிபார்ட்மெண்ட்ல இருந்து "பேசலாமா"ன்னு மெயில் வரும். இந்த செக்கு சுத்தறதுல இருந்து வெளிய வரணும்னா துப்பாக்கிய பத்தி எழுதாதீங்க, அவன் பண்ணினத எழுதுங்க. என்ன வார்த்தை சொன்னான், எந்த தேதி, எத்தனை மணி, யார் கூட இருந்தாங்க. மிரட்டல் தனி குத்தம், லைசென்ஸ் வெச்சிருக்கறவனுக்கும் குத்தம்தான், வேணும்னே எடுத்து காட்டறதும் குத்தம். சட்டை தூக்கினப்ப தெரிஞ்சதுன்னு சொன்னா "தற்செயல்"னு முடிச்சிடுவாங்க, "மேஜை மேல எடுத்து வெச்சு பேசினான்"ன்னா முடிக்க முடியாது. ஒரே மெயில்ல டிபார்ட்மெண்ட், போலீஸ், டீன் மூணு பேரையும் போட்டு அனுப்புங்க, அப்பதான் ஒருத்தர் இன்னொருத்தர கைகாட்ட முடியாது. உடனடி ஆபத்துன்னா மெயில் எல்லாம் வேணாம், 911.

தடை செஞ்ச இடங்கள் யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி வேற. ஹாஸ்டல் விஷயத்துல ஆஸ்டின் ஒரு மாதிரி, டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி ஒரு மாதிரி, அதனால ஃபிரெண்டு காலேஜ் ரூல வெச்சு முடிவு பண்ணாதீங்க. வாசல்ல 30.06-னு நம்பர் போட்டு இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் பெரிய எழுத்துல போர்டு இருந்தா லைசென்ஸ்காரரும் உள்ள எடுத்துட்டு வரக்கூடாது.

கத்தி பத்தியும் சொல்லிடறேன், சிரிக்காதீங்க. அஞ்சரை இஞ்சுக்கு மேல நீளமான பிளேடு இருக்கற கத்தி காலேஜ் பில்டிங்குக்குள்ள போனா அதுவும் துப்பாக்கி மாதிரியே பெரிய குத்தத்துல வரும். பொங்கல் விழாவுக்கு யூனியன் ஹால்ல வெச்சு காய் நறுக்கலாம்னு வீட்டுல இருந்து பெரிய கத்திய பைல போட்டுட்டு வராதீங்க, வீட்டுலயே நறுக்கி டப்பால கொண்டு வாங்க.

கடைசியா, போலீஸ் பிடிச்சு கேள்வி கேட்டா பேர் சொல்லுங்க, ஐடி காட்டுங்க, மத்ததுக்கு வக்கீலோட பேசறேன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த போன் இன்டர்நேஷனல் ஆஃபீஸுக்கு போடத்தான் கை போகும். போடாதீங்க. அங்க இருக்கறவங்க நல்லவங்கதான், ஆனா உங்க வக்கீல் இல்ல, வக்கீல்கிட்ட சொல்றது மாதிரி அவங்ககிட்ட சொல்றது ரகசியமா இருக்கும்னு நம்ப முடியாது, அரசாங்கம் உங்க விசா ஸ்டேட்டஸ கண்காணிக்கற செவிஸ் ரெக்கார்ட பாக்கறதே அவங்கதான். யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட் லீகல் சர்வீஸ் இருந்தா வாடகை தகராறுக்கெல்லாம் உதவும், கிரிமினல் கேஸ் எடுப்பாங்களாங்கிறத இப்பவே, எதுவும் நடக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. கிரிமினல் வக்கீல் கிடைச்சதும் அவர் "கேஸ தள்ளுபடி பண்ண வெச்சிடலாம், இதுல கையெழுத்து போடு"ன்னு பேப்பர் நீட்டினா, இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர் பாக்காம கையெழுத்து போடாதீங்க. டெக்சாஸ் கோர்ட்ல முடிஞ்சு போன கேஸ் கூட இமிக்ரேஷன் கணக்குல தண்டனையா நிக்கலாம், கேஸே நிக்கலன்னாலும் அடுத்த விசா ஃபார்ம்ல எப்பவாவது அரெஸ்ட் ஆனீங்களான்னு கேக்கற இடத்துல ஆமாம்னுதான் டிக் அடிச்சாகணும்.