பெயர்களுக்குப் பொருள் எப்படி வருகிறது, எங்கே தொலைகிறது

தியோடர், டோரத்தி இரண்டும் ஒரே பெயர்தான். கிரேக்கத்தில் 'தியோஸ்' என்றால் கடவுள், 'டோரோன்' என்றால் கொடை. ஒன்றில் கடவுள் முன்னால் வருகிறார், மற்றதில் கொடை முன்னால் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எபிரேயத்தில் இதே கருத்து நத்தானியேல், யோனத்தான் என்று வரும். ஸ்லாவிய மொழிகளில் போக்தான், சமஸ்கிருதத்தில் தேவதத்தன், அரபியில் அதாவுல்லா, பாரசீகத்தில் குதாதாத். ரோமோடு பல வருடம் மோதிய மித்ரிதாதஸ் மன்னரின் பெயரில் பிள்ளையைத் தந்த தெய்வம் மித்ரன், இசிடோர் என்ற பெயரில் எகிப்தின் ஐசிஸ். இத்தனை நாட்டுப் பெற்றோரும் பிள்ளை பிறந்ததும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களெல்லாம் உருவான காலத்தில் கேட்டவுடனே புரிகிற சாதாரணப் பேச்சு. சில பெயர்கள் முழு வாக்கியங்கள்கூட. பாபிலோனிய அரசர் நெபுகாத்நேச்சாரின் பெயரை அவர் மொழியில் சொன்னால் "நபூவே, என் வாரிசைக் காப்பாற்று" என்று நபூ என்ற தெய்வத்திடம் வைக்கும் வேண்டுதல். கானாவின் அக்கான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயராகிவிடும்; ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் ஒரு வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்பதை அவர் பெயரே சொல்லிவிடுகிறது. மங்கோலியாவில் நெர்குய் என்று ஒரு பெயர் உண்டு, அர்த்தம் 'பெயர் இல்லை'. தீய சக்திகள் பிள்ளையைக் கண்டுபிடிக்காமல் ஏமாந்து போகட்டும் என்று வைத்த பெயர்.

ஆனால் எல்லாப் பெயரையும் இப்படி ஒரு வாக்கியமாகப் படித்துவிட முடியாது. பழைய ஜெர்மானிய மொழிகளில் பெயருக்கென்றே கொஞ்சம் சொற்கள் புழக்கத்தில் இருந்தன: ஓநாய், கல், போர், அமைதி, புகழ், செல்வம், காவல் என்று. அதில் இரண்டை எடுத்துச் சேர்த்தால் ஒரு பெயர். 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிஷப்பாக இருந்த வுல்ஃப்ஸ்டனின் அப்பா பெயர் எதெல்ஸ்டன், அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு. அம்மாவிடமிருந்து 'ஓநாய்', அப்பாவிடமிருந்து 'கல்'. மகன் பெயர் தயார். 'ஓநாய்க்கல்' என்று ஒரு பொருளை யாரும் மனதில் வைத்திருக்கவில்லை, இவன் எங்கள் இருவருக்கும் பிறந்தவன் என்பதுதான் அந்தப் பெயர் சொல்ல வந்தது. 6ஆம் நூற்றாண்டு ஃபிராங்கிய அரசி ஃப்ரெடெகுண்டின் பெயரில் அமைதியும் போரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பொருளோடு அச்சிட்டு விற்கும் குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் மேல் எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான்: இந்த மாதிரிப் பெயர்களையும் பிடித்து இழுத்து ஒரு அழகான வாக்கியமாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், வாங்குகிறவர்களும் நம்பிவிடுகிறார்கள். மரியா என்ற பெயரின் மூலமான மிரியம் பற்றி அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. பட்டியல்களோ கசப்பு, கலகம், அன்பு என்று ஆளுக்கு ஒன்றாக அடித்துச் சொல்கின்றன.

சரி, அர்த்தமுள்ள பெயர் அடுத்த மொழிக்குப் போனால் என்ன ஆகும்? அங்கே அது வெறும் ஒலி. அப்புறம் அந்த மொழியின் நாக்கு அதைத் தன் வசதிக்கு வளைக்க ஆரம்பிக்கிறது. எபிரேயத்தில் யோகானான் என்றால் 'யாவே அருளினார்'; யாவே என்பது எபிரேயர்கள் கடவுளுக்குச் சொல்லும் பெயர். (இதே 'அருள்' என்ற வேர்தான் அன்னா என்ற பெயரிலும் இருக்கிறது, யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய ஹன்னிபாலின் பெயரிலும் இருக்கிறது, அங்கே அருளியவர் பாகால் என்ற தெய்வம்.) கிரேக்கர்கள் இதை இயோஆன்னேஸ் ஆக்கினார்கள், லத்தீன் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஜெர்மனியில் யோஹான்னஸ் என்று நடு அசையை அழுத்திச் சொன்னதால், அழுத்தமில்லாத முதல் அசை தேய்ந்து உதிர்ந்து ஹான்ஸ் மிஞ்சியது. பிரான்சில் முதலில் இருந்த யகர ஒலி ஜகரம் போல மாறியது. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், எதெல்ஸ்டன் போன்ற பழைய பெயர்கள் சில தலைமுறைகளில் காணாமல் போய், வில்லியம், ராபர்ட்டோடு ஜானும் பெருகினார். அதே நார்மன்கள் அயர்லாந்துக்கும் போனார்கள். ஐரிஷ் மொழியில் ஜகர ஒலி கிடையாது, பக்கத்தில் இருந்தது ஷகரம்தான், அதனால் அங்கே ஷான். இத்தாலியில் ஜொவான்னி. அதில் நடுவே ஒரு வகரம் வருகிறதே, அது நம் இலக்கணத்தில் உடம்படுமெய் என்று படிக்கிறோமே அதே வேலையைத்தான் செய்கிறது, இரண்டு உயிரொலி ஒட்டி நிற்க முடியாமல் நடுவில் ஒரு மெய் நுழைகிறது. நம் யோவானிலும் அதைப் பார்க்கலாம். ஜான், ஹான்ஸ், ஷான், இவான், ஹுவான் ஐந்து பேரையும் ஒரு அறையில் உட்கார வைத்தால், ஐந்து பேருக்கும் ஒரே பெயர் என்று சொன்னால்தான் தெரியும்!

பொருள் மறந்துபோன பிறகு பெயர்கள் எதை வைத்துப் பரவுகின்றன? பெரும்பாலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் வைப்பதுதான். மேத்யூ ஹானும் அலெக்சாண்டர் பென்ட்லியும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கக் குழந்தைப் பெயர்ப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே உள்ள பெயர்களில் ஒன்றை ஏதோ தற்செயலாகப் பெற்றோர் நகலெடுக்கிறார்கள், அவ்வப்போது யாரோ ஒரு புதுப் பெயரை உண்டாக்குகிறார்கள் என்று மட்டும் வைத்துக்கொண்டாலே, நிஜத்தில் காணும் வடிவம் கிடைத்துவிடுகிறது: கொஞ்சம் பெயர்கள் எங்கும் நிறைந்திருக்கும், மிகப் பல பெயர்கள் அபூர்வமாகவே இருக்கும். உயிரியலிலும் இப்படி, எந்த அனுகூலமும் இல்லாமல் தற்செயலாகவே ஒரு மரபணு வடிவம் பெருகுவதும் மறைவதும் உண்டு.

ஆனால் முழுக்கத் தற்செயல் என்றும் சொல்லிவிட முடியாது, காதுக்குப் பழகிய ஒலிக்கு ஒரு இழுப்பு இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயல் பேச்சாக இருந்தபின் அமெரிக்காவில் அந்தப் பெயரே சரிந்தது, ஆனால் அதே ககர ஒலியில் தொடங்கும் வேறு பெயர்கள் கூடின என்று 2012இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கடைசி எழுத்தும் சும்மா இருப்பதில்லை. ஆகாரத்தில் முடிந்தால் பெண் பெயர் என்று ஆங்கிலக் காது எடுத்துக்கொள்வதால், கிரேக்கத்தில் 'ஆண்மை' என்ற சொல்லிலிருந்து வந்து இத்தாலியில் இன்றும் ஆண் பெயராக இருக்கும் ஆந்த்ரேயா, அமெரிக்காவில் பெண் பெயர். நிகிதாவின் கதை இன்னும் ஒரு படி மேலே. கிரேக்கத்தில் 'வெற்றியாளன்' என்ற சொல்லில் பிறந்து ரஷ்யாவில் குருஷேவ் போன்ற ஆண்களுக்கு வைத்த அந்தப் பெயர், இந்தியாவில் பெண் பெயராகி, வீடு என்ற பொருளுள்ள 'நிகேத' என்ற சமஸ்கிருதச் சொல்லோடு சேர்த்து விளக்கப்படுகிறது.