நீண்ட விடுப்பு எடுத்த பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பினால்

"ரெண்டு மாசமா வரல. பேரை அடிச்சாச்சு. டி.சி. வாங்கிட்டுப் போங்க." பள்ளி வாசலில் இப்படிச் சொன்னால் பெரும்பாலான பெற்றோர் மறுபேச்சின்றித் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. இடையில் நின்ற பிள்ளைக்கு வயதுக்கேற்ற வகுப்பில் இடம் தர வேண்டும். கல்வியாண்டு பாதி ஓடிவிட்டது என்பது மறுக்கக் காரணம் ஆகாது.

வெளியேற்றக் கூடாது என்பது பள்ளிக்கும் தெரியும். அதனால்தான் உங்களையே எழுதித் தரச் சொல்வார்கள். "என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கோருகிறேன்" என்ற ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால், நாளை யாரிடம் முறையிட்டாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையை மீண்டும் வகுப்பில் அனுமதிக்கக் கேட்டு நீங்களே ஒரு கடிதம் எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

அடுத்தது எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் தமிழகக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) அலைச்சல். புதிய பள்ளி, "பழைய பள்ளி இன்னும் எமிஸில் விடுவிக்கவில்லை" என்னும். பழைய பள்ளி, "கணினி ஆசிரியர் விடுப்பு, திங்கட்கிழமை வாருங்கள்" என்னும். இதற்குள் பிள்ளை இன்னும் ஒரு மாதம் வீட்டில் இருக்கும். பிறகு பள்ளி என்றாலே அதற்குக் கசந்துவிடும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. முதலில் பிள்ளையை வகுப்பில் உட்காரவையுங்கள் என்று கேளுங்கள். பதிவேட்டுச் சிக்கல் அலுவலகங்களின் வேலை, உங்கள் வேலை அல்ல.

அவசரப்பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கல்லூரியில் படிக்கும்போது அரசு தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்த வகைப் பள்ளியில் படித்தார்கள் என்பதைப் பார்க்கிறார்கள். நடுவில் தனியார் பள்ளியில் படித்தால் அந்த உதவி போய்விடக்கூடும். சேர்க்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. கல்லூரியில் விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும்.

ஒன்பதாம் வகுப்பு முதல் இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அங்கே விடுப்புக் கடிதமும் மருத்துவச் சான்றும்தான் துணை. பிள்ளை நின்ற முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஆறிப்போன பிறகு கொண்டுபோனால் ஏற்பதில்லை.

பிள்ளை ஏன் லீவு கேட்கிறது என்பதையும் விசாரியுங்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதற்காக மாதத்தில் சில நாள் வீட்டில் தங்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசிரியர் அடிக்கிறார் என்றால், அதுவும் சட்டப்படி தடை செய்யப்பட்டதே. அடிக்குப் பயந்து நின்ற பிள்ளையை மிரட்டி அனுப்பினால் மறுபடி நிற்கும்.

பள்ளி அசையவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், அடுத்து முதன்மைக் கல்வி அலுவலர். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் எழுத்துப் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கல்வித் துறை உதவி எண் 14417. பேசினால் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரை அங்கே யாரும் தேடமாட்டார்கள்.