சார்ட் போடுறவங்ககிட்ட சர்வே எடுத்தா யாரு சிக்குவாங்க?

வருஷா வருஷம் ஒரு ஃபார்ம் சுத்தும். சார்ட், மேப், டாஷ்போர்டுன்னு டேட்டாவை படமா மாத்துறதையே, அதாவது டேட்டா விஷுவலைசேஷனையே, பொழப்பா வச்சிருக்கவங்களுக்கான சர்வே. என்ன டூல் யூஸ் பண்றீங்க, சம்பளம் எவ்வளவு, வேலைல எது கடுப்பேத்துதுன்னு கேட்டுட்டே போவாங்க. நான் மொத தடவை பாதி வரைக்கும் ஃபில் பண்ணிட்டு டீ குடிக்க எந்திரிச்சு போனவன்தான், அந்த டேப் மூணு நாள் அப்படியே கெடந்துச்சு, அப்புறம் மூடிட்டேன். இந்தப் பாதில ஓடுற ஆளை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவான்.

இது ஆரம்பிச்ச கதையே சுவாரஸ்யமானது. 2017ல எலைஜா மீக்ஸ்னு ஒருத்தர், அப்ப நெட்ஃபிளிக்ஸ்ல டேட்டா விஷுவலைசேஷன் இன்ஜினியர், ஒரு கேள்வியை எழுப்புனாரு: இந்தத் துறைக்கு இவ்வளவு மவுசுன்னா ஏன் தெரிஞ்ச ஆளுங்க ஒவ்வொருத்தரா வேற வேலைக்கு நகர்ந்துட்டு இருக்காங்க? பெரிய விவாதம் ஆச்சு. சரி ஆளாளுக்கு பேசுறதை விட நேரா கேட்டுருவோம்னு அந்த வருஷமே ஒரு சர்வே போட்டாரு. 2019ல அவரும் ஏமி சீசலும் மாலி பெட்டிட்டும் சேர்ந்து டேட்டா விஷுவலைசேஷன் சொசைட்டிய ஆரம்பிச்சாங்க, சர்வே அங்க போயிருச்சு. வந்த பதில்களை பேர் இல்லாம பொதுவுல போட்டுருவாங்க, யார் வேணா எடுத்து சார்ட் போடலாம். சார்ட் போடுறவங்களைப் பத்தின டேட்டாவை சார்ட் போடுறவங்களே சார்ட் போடுறது, கேக்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனா அதுல நல்ல சண்டைகள் எல்லாம் நடக்கும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம்ல, சாம்பிளிங்கோட மொத்த தத்துவமும் அதுதான். மொத்த கூட்டத்துல இருந்து குலுக்கல் முறைல 1000 பேரை எடுத்து கேட்டா, ஊர்ல 1 கோடி பேர் இருந்தாலும் சரி 10 கோடி பேர் இருந்தாலும் சரி, பதில் பெரும்பாலும் 3 சதவீதம் முன்னப்பின்னதான் இருக்கும். ஆனா குலுக்கல் போட சீட்டு வேணுமே. தேர்தல்னா வாக்காளர் பட்டியல் இருக்கு. டாக்டர், வக்கீல்னா பதிவு இருக்கு. டேட்டா விஷுவலைசேஷன் பண்றவங்களுக்கு எந்தப் பட்டியல் இருக்கு? ஒண்ணும் கிடையாது.

பட்டியலை விடுங்க, அந்தக் கூட்டத்துல யார் யாரு இருக்காங்கன்னே சொல்ல முடியாது. நம்மூர் கம்பெனிகள்ல எம்ஐஎஸ் எக்ஸிக்யூட்டிவ்னு ஒருத்தர் இருப்பாரு. காலைல 10 மணிக்கு மேனேஜர் கேப்பாருன்னு 8 மணிக்கே வந்து பிவோட் டேபிள் போட்டு சார்ட் இழுத்து மெயில்ல தட்டி விடுவாரு. அவரு போடுற அளவுக்கு சார்ட் இந்தத் துறையோட பெரிய தலைங்க கூட போட மாட்டாங்க. ஆனா அவர்கிட்ட போய் நீங்க டேட்டா விஷுவலைசேஷன் ப்ரொஃபஷனலான்னு கேட்டா, இல்லைங்க நான் ரிப்போர்ட் எடுக்குற ஆளுன்னு சொல்லுவாரு. சர்வே லிங்க் அவர் கண்ணுலயே படாது.

அதனால இந்த மாதிரி சர்வே எல்லாம் லிங்க்கை பரப்பி, வர்றவங்க வரட்டும்னு காத்திருக்குற வகை. யாருக்கு ஆர்வமோ அவங்கதான் வருவாங்க. இது என்ன பண்ணும்னு ஒரு கற்பனைக் கணக்கு போட்டு காட்டுறேன். உலகத்துலயே மொத்தம் 1000 பேர்தான் சார்ட் போடுறாங்கன்னு வச்சுக்குவோம், 800 பேர் எக்செல், 200 பேர் டி3ங்கற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரில கோடு எழுதி சார்ட் போடுறவங்க. டி3 கோஷ்டிக்கு இந்த சமூகம்தான் டீக்கடை, எப்பவும் அங்கயே இருப்பாங்க, அதனால பாதிப் பேர் ஃபார்ம் போட்டுருவாங்க, 100 பேர். எக்செல் பக்கம் நூத்துக்கு அஞ்சு பேருக்குதான் லிங்க் போகுது, 40 பேர். மொத்தம் 140 பதில், அதுல டி3 100. ரிப்போர்ட்ல டி3 71 சதவீதம்னு வரும். நிஜம் 20. இங்க 1000க்கு பதிலா 10 லட்சம் பேரை வச்சு பாருங்க, அதே 71தான் வரும், கூட்டம் பெருசானா தப்பு இன்னும் தெம்பா நிக்கும், அவ்வளவுதான்.

1936ல அமெரிக்க அதிபர் தேர்தல்ல யாரு ஜெயிப்பாங்கன்னு கேக்கப் போய் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இப்படித்தான் மாட்டுச்சு. ஏறக்குறைய 1 கோடி சீட்டு அனுப்பி 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி லேண்டன்தான் அதிபர்னு அடிச்சு சொன்னாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டு போனாரு. சீட்டு யாருக்குப் போச்சுங்கறது ஒரு கோளாறு, போன சீட்டை யாரு மெனக்கெட்டு திருப்பி அனுப்புனாங்கங்கறது இன்னொரு கோளாறு.

நம்ம கணக்குக்கு திரும்ப வருவோம், அசல் கூத்து அடுத்த வருஷம்தான். லிங்க் கொஞ்சம் நல்லா பரவி எக்செல் ஆளுங்கள்ல நூத்துக்கு பத்து பேர் பதில் சொல்றாங்கன்னு வைங்க, 80 பேர். டி3 அதே 100. இப்ப டி3 56 சதவீதம். உடனே ஒருத்தர் எழுதுவாரு, ஒரே வருஷத்துல டி3 சரிஞ்சிருச்சுன்னு. ஒருத்தர் கூட டூலை மாத்தலங்க! ஃபார்ம் போட்ட கூட்டம் மாறிருச்சு, அவ்வளவுதான். அதனால வருஷத்துக்கு வருஷம் கோடு இழுத்து ஏறுது இறங்குதுன்னு யாராவது காட்டுனா, நான் மொதல்ல தேடுறது இந்த வருஷம் யாரு வந்தாங்க, எந்த நாட்டுல இருந்து, எத்தனை வருஷ அனுபவம்ங்கறதைத்தான்.

அப்ப இந்த சர்வே வேஸ்டான்னா இல்ல. மொத்த கூட்டத்துல எத்தனை சதவீதம்னு கேட்டா தடுமாறும். வந்தவங்களுக்குள்ளயே பிரிச்சு பார்த்தா, ஃப்ரீலான்ஸரும் கம்பெனி ஆளும் எதெதுல வேறுபடுறாங்க, கடுப்புன்னு என்னென்ன எழுதுறாங்கன்னு பார்த்தா, நிறைய கிடைக்கும். அதையும் அப்படியே நம்பிடாம கொஞ்சம் யோசிச்சுத்தான் எடுத்துக்கணும்.

கேள்வி கேக்குறதுலயும் வேலை இருக்கு. அடிக்கடி சார்ட் போடுவீங்களான்னு கேட்டா உங்க அடிக்கடி வேற, என் அடிக்கடி வேற. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டா ஒப்பிடலாம். சம்பளத்தை நேரா கேட்டா பாதிப் பேர் ஓடிருவாங்க, இதுல இருந்து இதுக்குள்ளன்னு கட்டம் போட்டு கொடுத்தா டிக் அடிப்பாங்க. டூல் கேள்வில எத்தனை வேணா டிக் அடிக்கலாம், அதனால கூட்டுனா 100 சதவீதத்தை தாண்டி எங்கயோ போகும், அதைப் போய் பை சார்ட்டுல போடுற ஆளுங்களையும் பார்த்திருக்கேன், அதுவும் இந்தத் துறைலயே. எக்செலும் பைத்தானும் சேர்த்து யூஸ் பண்றவங்க யாரு, அதோட டி3யும் சேர்த்து மூணையும் யூஸ் பண்றவங்க யாருன்னு கூட்டு கூட்டா பார்க்கணும்னா 2014ல வந்த அப்செட் ப்ளாட்னு ஒரு சார்ட் வகை இருக்கு, பார்க்க மொத தடவை மண்டை காயும், பழகிட்டா விட மாட்டீங்க.

இப்ப அந்த டீ குடிக்கப் போனவன். 60 கேள்வில 30ல விட்டுட்டு போனவன் மொத கேள்விக்கான சார்ட்ல இருப்பான், கடைசிக் கேள்வி சார்ட்ல இருக்க மாட்டான். அதனால ஒவ்வொரு சார்ட்டுக்கும் கீழ இதுக்கு எத்தனை பேர் பதில் சொன்னாங்கன்னு போடணும். கடைசி வரைக்கும் பொறுமையா வந்தவங்க வேற மாதிரி ஆளுங்க, டைம் இருக்கவங்க, இல்ல கோபம் இருக்கவங்க.

இதெல்லாம் கூட ஒரு மாதிரி சமாளிக்கலாம். ஆனா மீக்ஸ் 2017ல கேட்ட கேள்வி என்ன? ஏன் போறாங்க? அதுக்கு பதில் தெரிஞ்சவங்க போயிட்டாங்களே. இருக்கறவங்ககிட்ட உங்களுக்கு என்ன கடுப்புன்னு கேக்கலாம், ஆனா கடுப்பாகியும் இருக்குறவன் வேற, கெளம்புனவன் வேற. பேர் வாங்காத சர்வேங்கறதால போன வருஷம் பதில் சொன்னவர் இந்த வருஷம் எங்கன்னு தேடவும் வழியில்ல.

எங்க டீம்ல ஒரு அண்ணன் இருந்தாரு, மேப் போடுறதுல மனுஷன் கில்லாடி, இப்ப ப்ராடக்ட் மேனேஜர். போன தடவை லிங்க்கை அவருக்கு அனுப்பி விட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ரிப்ளை வந்துச்சு: "மொத கேள்வியே இப்ப இந்தத் துறைல இருக்கியான்னு கேக்குது தம்பி, இல்லன்னு போட்டேன், நன்றின்னு சொல்லி வெளிய அனுப்பிருச்சு."