குவார்ட்டர் பிரியாணி போதும்: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் ஹோட்டலுக்குப் போகிறவர்களுக்கு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆனதும் எல்லோரும் கேட்பது, "இனிமே ஹோட்டல்ல என்னென்ன சாப்பிடலாம்?" என்றுதான். பட்டியல் போட்டுக் கொடுப்பது எளிது. ஆனால் வெளியே சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தால், பட்டியலில் உள்ளதைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் சாப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது சுமார் 100 முதல் 150 மி.லி. கொள்ளும் குழாய். அது பழைய இரைப்பை போல விரிந்து இடம் கொடுக்காது. ஒரு வாய் கூடினாலும் அழுத்தம் மேலே ஏறும். இரைப்பை பைபாஸ் இன்னொரு வகை: மேல்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். அந்தப் பை இன்னும் சிறியது, ஏறக்குறைய 30 மி.லி. உணவைக் கடைந்து கூழாக்கும் கீழ்ப்பகுதிக்குச் சாப்பாடு போவதே இல்லை. பை சிறுகுடலோடு சேரும் வாய் பொதுவாக 1 முதல் 2 செ.மீ. அகலம்தான். ஆக, அரைக்கிற வேலை முழுவதும் பல்லுக்கு வந்துவிடுகிறது. ஒரு வாய்க்கு 20, 25 முறை மெல்லச் சொல்வது இதற்காகத்தான்.

முதல் ஆறு முதல் எட்டு வாரம் நீராகாரம், கூழ், மசித்த உணவு என்று படிப்படியாகப் போகும் காலம். அந்த நாட்களில் ஹோட்டல் வேண்டாம். திடஉணவுக்கு வந்த பிறகும், புதிதாக ஒன்றைச் சாப்பிட்டுப் பார்ப்பதை முதலில் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இறங்காத உணவு ஹோட்டலில் இறங்காது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. மதியம் ஒன்றரை மணிக்கு, கூட்டம் அலைமோதும் சைவ ஹோட்டலில், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் இடம் பிடிக்க நின்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் யாராலும் 25 நிமிடம் உட்கார்ந்து மெல்ல முடியாது. பன்னிரண்டு மணிக்கே போங்கள், அல்லது சற்று அதிகம் கொடுத்து ஏ.சி. ஹாலில் உட்காருங்கள். அந்தக் கூடுதல் பணம் நிதானத்துக்குக் கொடுப்பது. பட்டினியோடும் போகக் கூடாது. இரண்டு மணி நேரம் முன்பு ஒரு வேகவைத்த முட்டையோ சிறு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டிருந்தால் முதல் ஐந்து வாயை அள்ளிப் போடமாட்டீர்கள். சிக்கல் பெரும்பாலும் அந்த முதல் ஐந்து வாயில்தான் தொடங்குகிறது.

தண்ணீரைச் சாப்பாட்டுக்கு முன்பே குடித்து முடித்துவிடுங்கள். சாப்பிடும்போதும், முடித்து அரை மணி நேரம் வரையும் குடிக்க வேண்டாம். உட்கார்ந்த உடனே சர்வர் டம்ளர் வைப்பார். கை தானாக அதைத் தேடும். தள்ளி வையுங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: ரசம், மோர், சூப் எல்லாமே நீர்தான். ரசத்தில் கரைத்த சோறு நன்றாக இறங்குகிறதே என்று பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அது வந்த வேகத்தில் இரைப்பையைத் தாண்டிப் போய்விடும்; ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். புரதமும் கிடைத்திருக்காது.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். வயிறு கொள்வதே கொஞ்சம்தான் என்றால், அந்த இடத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கணக்கு. முதலில் புரதம், அடுத்து காய், கடைசியில் சோறோ இட்லியோ. சைவ ஹோட்டலில் இது கொஞ்சம் கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு இட்லியில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம் புரதம். சாம்பாரில் பருப்பைத் தேடத்தான் வேண்டும். பொங்கல் நெய்யோடு வழுக்கிக்கொண்டு இறங்கும், ஆனால் அதில் அரிசியும் கொழுப்பும்தான் மிகுதி. வடை எண்ணெயை உறிஞ்சியது.

அதனால் மெனு கார்டின் வட இந்தியப் பக்கத்தைத் திருப்புங்கள். கெட்டியான தால் ஃப்ரை ஒரு கிண்ணம் எடுத்தால் 6 முதல் 8 கிராம் தேறும். பனீர் 100 கிராமில் சுமார் 18 கிராம்; மசாலாவில் வருகிற துண்டுகளை எடுத்துக்கொண்டு, வெண்ணெயும் க்ரீமும் மிதக்கும் குழம்பை விட்டுவிடலாம். பனீர் ரப்பர் போல இருந்தால் ஓரமாக ஒதுக்குங்கள், அது சிக்கும். அடை இருந்தால் நல்லது, அதில் பருப்பு உண்டு. பாதி அடையே பலருக்குப் போதும். பெசரட்டு கிடைக்கும் இடத்தில் அதையும் எடுக்கலாம், உள்ளே வைக்கும் உப்புமா இல்லாமல். இட்லி மிருதுதானே என்று நம்பிப் பெரிய விள்ளலாக விழுங்கினால் அது பஞ்சு போல அடைத்துக்கொள்ளும். மெல்லிய முறுகல் தோசை பலருக்கு இட்லியைவிட நன்றாகச் சேர்கிறது, எண்ணெயைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் போதும். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகிய நார்கள் சேர்ந்து உருண்டையாகி அடைக்கக்கூடும். முதல் வருடம் அவற்றை விழுங்காதீர்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம், ஆபத்தும் அதிகம். ஒரு முட்டை 6 கிராம் புரதம். ஆம்லெட்டோ மதுரைப் பக்கத்துக் கரண்டி ஆம்லெட்டோ, எண்ணெய் வடியாமல் இருந்தால் நல்ல தேர்வு. குழம்பு மீன் இன்னும் நல்லது: விரலால் தொட்டாலே உதிரும், 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம். ஈரல் மிருதுவாக வெந்திருந்தால் இரும்புச்சத்தும் பி12-ம் சேர்ந்து கிடைக்கும். கோழியில் நெஞ்சுக் கறியைவிடத் தொடைக் கறி ஈரமாக இருக்கும். தந்தூரி ஆறிப்போனால் நாராகிவிடும், சூடாக இருக்கும்போதே நாலு வாய் சாப்பிட்டுவிடுங்கள். மட்டன் சுக்கா, குடல், அதிகம் வெந்து சுருண்டுபோன இறால் மூன்றையும் முதல் ஆறு மாதம் மறந்துவிடலாம். சிக்கன் 65, சில்லி சிக்கன் இரண்டிலும் எடையில் கணிசமான பங்கு மேல்மாவுக்கும் எண்ணெய்க்கும் போகிறது.

பரோட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இழுத்து அடித்துப் பிசைந்த மைதா மென்றபின் கூழாகாது, பசையாகத் திரண்டு நிற்கும். சால்னாவில் ஊறினாலும் அதே கதைதான். கொத்து பரோட்டா சிறு துண்டாக இருக்கிறதே என்று கேட்பார்கள்; துண்டுகள் உள்ளே போய் ஒன்றாகிவிடும். மிருதுவான பன், பிரெட் ஆகியவற்றிலும் இந்தக் குணம் உண்டு. எங்களைக் கேட்டால், பரோட்டாவைத் தொடாமல் இருப்பதில் இழப்பு ஏதும் இல்லை.

பிரியாணிக் கடையில் குவார்ட்டர் கேட்கலாம் என்பது நமக்குக் கிடைத்த வசதி. அதில் பீஸ் இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு முட்டையும் குழம்புள்ள கோழிக்கறியும் சொல்லுங்கள். குஸ்கா வேண்டாம். கறியை எலும்பிலிருந்து பிய்த்து, நாரை விரலால் பிரித்து, தயிர்ப் பச்சடியில் தொட்டு முதலில் சாப்பிடுங்கள். அரிசி கடைசியில் நான்கு ஸ்பூன். மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் சுடவைக்கும்போது கறி காய்ந்து, முதல் நாள் இறங்கியதே சிக்கும். கொஞ்சம் குழம்போ சூடான நீரோ சேர்த்துத்தான் சுடவைக்க வேண்டும்.

வயிறு நிறைந்த உணர்வு பழைய மாதிரி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். திடீர் விக்கல், மூக்கில் நீர் வடிதல், காரணமில்லாத பெருமூச்சு, நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு பாரம்: இவற்றில் ஒன்று வந்தாலே ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும். அடுத்த ஒரு வாய்தான் வாந்தியாக வரும். மீறிச் சிக்கிவிட்டால் நெஞ்சு இறுகும், எச்சில் ஊறி நுரையாக மேலே வரும். அப்போது தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. அடைப்புக்கு மேலே நீர் தேங்கி வலிதான் கூடும். எழுந்து மெதுவாக நடங்கள். நுரை வந்தால் துப்புங்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே இறங்கும், அல்லது வெளியே வரும். அந்த நாள் முழுக்க நீராகாரம் போதும். வாரத்தில் பல நாள் சிக்குகிறது, மசித்த சோறே இறங்கவில்லை என்றால் ஹோட்டலைக் குறை சொல்லிப் பயனில்லை. பைபாஸ் ஆனவருக்குப் பை சிறுகுடலோடு சேரும் இணைப்பு வாய் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாக அதை விரித்துவிட முடியும்.

கல்யாணப் பந்தி வேறு வகைச் சோதனை. இலையில் முதலில் வைப்பதே இனிப்பு. வெறும் வயிற்றில், அதுவும் பைபாஸ் ஆனவர், கேசரியையும் பாயசத்தையும் முதலில் எடுத்தால் சர்க்கரை நேராகச் சிறுகுடலில் கொட்டும். பத்து முதல் முப்பது நிமிடத்தில் வயிற்றைப் பிசையும், படபடக்கும், வியர்க்கும், பேதியாகலாம். உடனே உட்காருங்கள், முடிந்தால் படுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். இதற்கு டம்பிங் என்று பெயர். ஸ்லீவ் ஆனவர்களுக்கும் வருவதுண்டு. இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும்: இன்சுலின் அதிகம் சுரந்து இரத்தச் சர்க்கரை சரியும், கை நடுங்கும், கண் இருட்டும். சிறிதளவு சர்க்கரை எடுத்துச் சமாளித்த கையோடு முட்டை, பால், பருப்பு என்று ஏதாவது புரதம் சாப்பிட வேண்டும். ஜூஸை மட்டும் குடித்தால் ஏறி மறுபடி இறங்கும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், முக்கியமாக இன்னமும் சர்க்கரை நோய் மாத்திரை எடுக்கிறவர்கள்.

சைவப் பந்தியில் புரதம் குறைவு, ஆகவே வீட்டிலேயே அதை முடித்துவிட்டுப் போங்கள். பந்தியில் பாதியில் எழுந்தால் கல்யாண வீட்டார் மனம் கோணும். கூட்டு, பருப்பு, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மற்றவர்கள் முடிக்கும்வரை ஓட்டலாம். பரிமாற வருகிறவரிடம் "அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லி இலைமேல் கையை நீட்டினால் நகர்ந்துவிடுவார். அறுவை சிகிச்சையைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. "வயிறு சரியில்லை, அளவா சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்பது பொய்யும் அல்ல.

மதுவைப் பொறுத்தவரை, சிகிச்சைக்குப் பிறகு அது சீக்கிரம் இரத்தத்தில் ஏறும், முன்பு குடித்த அளவில் பாதியே அதிக போதை தரும். குறிப்பாக பைபாஸ் ஆனவர்களிடம், இரண்டாம் ஆண்டு வாக்கில் குடிப்பழக்கம் பிடித்துக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது என்பதும் தெரிந்த விஷயம். தவிர்ப்பதே நல்லது. சோடா, கோலா வகைகளும் வேண்டாம். டீ, காபியை இரும்புச்சத்து மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

ஒரு வருடம் கடந்த பின் நிலைமை தலைகீழாகும். எதுவும் சிக்காது, பசி திரும்பும், ஹோட்டல் சுலபமாகிவிடும். எடை மறுபடி ஏறுவது இந்தக் காலத்தில்தான். மிக்சர், முறுக்கு, ஐஸ்க்ரீம், ரோஸ்மில்க் எல்லாம் இரைப்பையில் தங்காமல் நழுவும். வயிறு நிறைந்த உணர்வே வராது. முதல் வருடம் இறங்காத கறித்துண்டைக் கண்டு பயந்தவர்கள், இப்போது சிரமமில்லாமல் இறங்குவதைக் கண்டுதான் பயப்பட வேண்டும். சீக்கிரம் இறங்குவதை விட்டு, மென்று சாப்பிட வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, ஹோட்டல் சாப்பாட்டின்மேல் பழிபோட்டுக் காத்திருக்கக் கூடாத சில உண்டு. பைபாஸ் ஆனவருக்கு விட்டுவிட்டு முறுக்கும் கடுமையான வயிற்றுவலி எத்தனை வருடம் கழித்து வந்தாலும் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருப்பாக மலம் போனாலும் அப்படியே. தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி தொடர்ந்தால் தயமின் வைட்டமின் சீக்கிரம் தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் அதன் அடையாளங்கள். இப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸ் ட்ரிப் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும். வெளியூரில் ஏதோ ஒரு மருத்துவமனையில் உங்களைப் பார்க்கும் டூட்டி டாக்டருக்கு உங்கள் வயிறு எப்படி மாற்றப்பட்டிருக்கிறது என்று தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீவா பைபாஸா, எந்த ஆண்டு என்பதைக் கூட வருகிறவருக்கும் சொல்லி வையுங்கள்.