ராட்செட்: நூல் சுற்றும் கதிரிலிருந்து விசைத்திருகி வரை

சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருளவிட்டால் பின் சக்கரத்தின் நடுவிலிருந்து டிக்டிக்கென்று ஒரு சத்தம் வருமே, அதுதான் ராட்செட். சாய்வாக வெட்டிய பற்கள் கொண்ட ஒரு வளையம், அந்தப் பற்களை ஸ்பிரிங் பலத்தில் அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நாக்கு, அவ்வளவுதான் அதன் உடம்பு. ஒரு பக்கம் சுற்றினால் நாக்கு பல்லின் சரிவில் ஏறி அடுத்த பள்ளத்தில் விழும், அந்த விழுகைதான் சத்தம். மறுபக்கம் சுற்றப் பார்த்தால் பல்லின் செங்குத்துப் பக்கத்தில் முட்டி நின்றுவிடும். ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் கேபிள் டையை இழுத்தால் இறுகுகிறது, திரும்ப வரமாட்டேன் என்கிறது இல்லையா, அதன் தலைக்குள் இருப்பதும் இதே நாக்குதான்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பிரெஞ்சில் ரோஷே. நூல் சுற்றும் கதிருக்கும், மழுங்கிய ஈட்டி முனைக்கும் அந்தப் பெயர் இருந்தது. அதற்கும் பின்னால் போனால், நூற்பவர்கள் பஞ்சைச் சுற்றி வைத்துக்கொள்ளும் கோலைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல் ஒன்றில் போய் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து, உச்சரிப்பு மாறி மாறி ராட்செட் ஆனது. ஜெர்மானியர்கள் இதே கருவிக்கு வைத்திருக்கும் இன்னொரு பெயர் க்னாரே, கிறீச்சிடுவது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் இன்று சொல்வது க்ளிக்கே, அதுவும் ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல். காதில் விழுந்ததை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். உயிரியலில்கூட இந்தச் சொல் புழங்குகிறது: பாலினக் கலப்பில்லாத உயிர்களில் கேடான மரபுப் பிழைகள் ஏறிக்கொண்டே போகும், இறங்காது என்பதற்கு முல்லரின் ராட்செட் என்று பெயர்.

இனி ஸ்பேனருக்கு வருவோம். நட்டின் மேல் தொப்பி போல் மாட்டும் சாக்கெட்டை மாற்றிக்கொள்ளும் ராட்செட் ஸ்பேனருக்கு 1863இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன். அது தீர்த்துவைத்த தொல்லை என்னவென்று எஞ்சினுக்கு அடியில் கையை நுழைத்தவர்களுக்குத் தெரியும். சாதாரணத் திறந்தவாய் ஸ்பேனரை ஒவ்வொரு தடவையும் கழற்றி, புரட்டி, மறுபடி மாட்டினாலும் குறைந்தது 30 பாகையாவது ஆட்ட இடம் வேண்டும். 72 பல் ராட்செட்டுக்கு 5 பாகை போதும், நட்டை விட்டு எடுக்கவே வேண்டாம்.

பேட்டரியில் ஓடும் ராட்செட் ஸ்பேனருக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கு இன்னமும் வியப்புதான். மோட்டார் சுற்றுகிறது, ஆனால் அந்தச் சுற்று நேராக சாக்கெட்டுக்குப் போவதில்லை. மையம் விலகிய ஒரு சிறு தண்டு அதை முன்னும் பின்னுமான ஆட்டமாக மாற்றுகிறது, அந்த ஆட்டம் நாக்கைத் தள்ள, நாக்கு பல்லைத் தள்ள, சாக்கெட் துளித்துளியாகத் திரும்புகிறது. நம் மணிக்கட்டு செய்வதையே அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் வோல்ட் கேட்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தலையை. கையடக்கம் என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் கைப்பிடியின் நீளத்தை, ஆனால் இடுக்கில் போய் முட்டுவது தலையின் உயரமும் அகலமும்தான். அடிக்கடி வேலை செய்யும் இடத்தில் போல்ட்டுக்கும் எதிர்ச்சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொண்டு, சாக்கெட்டின் உயரத்தையும் தலையோடு கூட்டிப் பாருங்கள். சாக்கெட் மாட்டும் சதுரமுனை கால் அங்குலமா, 3/8 அங்குலமா, அரை அங்குலமா என்பது அடுத்தது. கம்பி கட்டுகிறவர்கள் கணக்கில் 2 நூல், 3 நூல், 4 நூல். நூற்கும் கோலில் பிறந்த கருவியைத் தமிழில் நூலால் அளக்கிறோம்! வண்டி வேலைக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் 3 நூல்.

அப்புறம் முறுக்குவிசை, அதாவது எவ்வளவு பலமாகத் திருகும் என்ற அளவு. 12 வோல்ட் வகைகள் வழக்கமாக 40 முதல் 80 நியூட்டன் மீட்டருக்குள் நிற்கும். 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 30 கிலோ அளவுக்கு அழுத்தினால் உங்கள் கையே ஏறக்குறைய 88 தந்துவிடும், கார் சக்கர நட்டோ பல வண்டிகளில் 100ஐத் தாண்டிக் கேட்கும். ஆகவே இறுகிக் கிடக்கும் நட்டை உடைத்து இளக்குவது கையின் வேலை, இளகிய பிறகு கடகடவென்று சுற்றி எடுப்பது மோட்டாரின் வேலை, பூட்டும்போது கடைசி இறுக்கம் மறுபடி கையால், முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால். விசைப்பொத்தானை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்றுகிறதா என்று கட்டாயம் பாருங்கள், இல்லையென்றால் புரி மாறி ஏறி நட்டும் போல்ட்டும் சேர்ந்து கெடும். முதல் இரண்டு மூன்று சுற்று விரலால் ஏற்றிவிடுவது இன்னும் நல்லது.

ஒன்று சொல்ல வேண்டும். போல்ட் அடியில் உட்கார்ந்து நின்ற நொடியில் மோட்டார் நிற்காது, கைப்பிடிதான் திரும்பும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல்முட்டி மாட்டி, இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. கைப்பிடி எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்து, அந்தப் பக்கம் கை இல்லாமல் பிடியுங்கள்.

சரி, கார்ட்லெஸ் பவர் ராட்செட் என்பதைத் தமிழில் என்ன சொல்லலாம்? முடுக்கி எனலாம். இறுக்குவதை முடுக்குவது என்போம், ஆனால் இது கழற்றவும் செய்கிறதே, தவிர துகள் முடுக்கி என்று அறிவியலில் அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. எனக்குப் பொருத்தமாகப் படுவது திருகி. இரண்டு பக்கத்துக்கும் பொது. ராட்செட்டின் உயிரே ஒரு பக்கம் மட்டும் விடுவதில் இருப்பதால் ஒருவழித் திருகி. பொத்தானைத் தள்ளித் திசை மாற்றினாலும் அந்த நேரத்தில் ஒருவழிதான். பவர் என்பதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம், கைத்தறிக்கு எதிரில் விசைத்தறி என்றும், மோட்டார் வைத்த படகை விசைப்படகு என்றும் எப்போதோ சொல்லிவிட்டோம், இது விசைத்திருகி. கார்ட்லெஸ் என்பதைக் கம்பியில்லா என்று எழுதினால் வானொலி நினைவுதான் வரும், எது இல்லை என்பதை விட்டு எது இருக்கிறது என்று சொல்லி மின்கல விசைத்திருகி என்றால் தெளிவு. கடையில் ராட்செட் என்றே கேளுங்கள், எழுதும்போது ஒருமுறை ஒருவழி விசைத்திருகி என்று எழுதிப் பாருங்கள். பல்லைத் தடுக்கும் அந்தச் சின்னத் துண்டுக்கு நாக்கு என்ற பெயரே போதும், பூட்டுக்குள் இருப்பதையும் அப்படித்தானே சொல்கிறோம்.